பதிலுக்குக் காத்திருந்த நான்கு நாட்கள்: கள்ளக்குறிச்சியும் காவலரின் பார்வையும்

2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சின்னசேலத்தை அடுத்த கனியாமூர். அங்குள்ள தனியார் பள்ளியை நோக்கித் திரண்ட கூட்டத்தை மறித்து நின்ற காவலர்கள் மீது கற்கள் விழத் தொடங்கின. சற்று நேரத்தில் தடுப்புகள் சரிந்தன. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. காவல்துறை வாகனம் எரிந்தது. வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின. விழுப்புரம் சரக டி.ஐ.ஜி. பாண்டியன் உட்பட 50-க்கும் மேற்பட்ட காவலர்கள் காயமடைந்தார்கள். போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரத்தில் 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. டி.ஜி.பி. சைலேந்திர பாபுவும் உள்துறைச் செயலாளர் பணீந்திர ரெட்டியும் அன்றே நேரில் வந்தார்கள்.

அந்த நாளைப் பற்றி ஏராளமாகப் பேசியாகிவிட்டது. அந்தப் பள்ளியில் மகளை இழந்த தாயின் பக்கம் நின்று பேசினார்கள், பள்ளியின் பக்கம் நின்று பேசினார்கள், கட்சிகளின் பக்கம் நின்று பேசினார்கள். இரு தரப்புக்கும் நடுவே கேடயத்தோடு நின்றவரின் இடத்திலிருந்து பார்த்தவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்து பார்க்க முயல்கிறது. காவல்துறையைக் குற்றத்திலிருந்து விடுவிப்பது இதன் நோக்கமில்லை. அங்கிருந்து பார்த்தால்தான் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது: கேடயத்தைத் தூக்கச் சொல்லி உத்தரவு வரும்போது, விஷயம் ஏற்கெனவே கைமீறிப் போயிருக்கிறது. கலவரத்தை அடக்குவதா, தடுப்பதா என்ற கேள்விக்கான விடை, அதற்கு முந்தைய நாட்களில் மக்களுக்கு என்ன பதில் சொன்னோம், யார் சொன்னோம், எப்போது சொன்னோம் என்பதில் இருக்கிறது.

புதன் முதல் ஞாயிறு வரை

ஜூலை 13, புதன்கிழமை காலை. பள்ளி விடுதியில் தங்கி பிளஸ் டூ படித்துவந்த, கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் வளாகத்தில் இறந்துகிடந்தார். மாடியிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொண்டார் என்று சொல்லப்பட்டது. பெற்றோர் ஏற்கவில்லை. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகும் உடலை வாங்க மறுத்தார்கள். நீதி கேட்டுச் சாலை மறியல் நடந்தது. மறுபரிசோதனை கோரி மாணவியின் தந்தை சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார்.

இந்த நான்கு நாட்களில் காவல்துறை சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. வழக்குப் பதிவானது, விசாரணை நடந்தது, அதிகாரிகள் பேட்டி கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் சொன்னதை நம்பும் நிலையில் ஊர் இல்லை. நம்பாத இடத்தில் வாட்ஸ்அப் புகுந்தது. வளாகத்தின் படங்கள், கேமரா பதிவுகள், காயங்களைப் பற்றிய ஊகங்கள், யார் மகன், எந்தச் சாதி, எந்தக் கட்சி என்ற கதைகள் எல்லாம் கைப்பேசி வழியாக மாவட்டம் தாண்டிப் பரவின. ஞாயிறு காலை வாருங்கள் என்ற அழைப்பும் அதே வழியாகத்தான் போனது. ஒரு வதந்தி பத்து ஊரைச் சுற்றிவிட்டு வரும் நேரத்தில், அதை மறுக்கும் அறிக்கை எழுத்துப் பிழை திருத்தப்பட்டு மேலதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். இது ஏதோ ஒரு மாவட்டத்தின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நிர்வாகம் முழுக்கவே இப்படித்தான் இயங்குகிறது.

பிறகு நடந்ததைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் மனம் கனக்கிறது. 17-ஆம் தேதி கலவரம். அதையொட்டி வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறுகிறது. பள்ளி நிர்வாகத்தினரும் ஆசிரியர்கள் இருவரும் கைதாகிறார்கள். 18-ஆம் தேதி, திங்கட்கிழமை, நீதிபதி என். சதீஷ்குமார் மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிடுகிறார். கல்வி நிலையங்களில் நிகழும் மரணங்களை இனி சி.பி.சி.ஐ.டி. விசாரிக்க வேண்டும் என்றும், கலவரத்தின் பின்னணியைச் சிறப்புக் குழு கண்டறிய வேண்டும் என்றும் சொல்கிறார். அடுத்து மாவட்ட ஆட்சியரும் எஸ்.பி.யும் மாற்றப்படுகிறார்கள். ஜூலை 23-ஆம் தேதி மாணவியின் உடல் அடக்கம் செய்யப்படுகிறது.

நீதிமன்ற உத்தரவு கலவரத்தால் வந்ததில்லை. மனு ஏற்கெனவே நிலுவையில் இருந்தது, திங்கட்கிழமை எப்படியும் விசாரணைக்கு வந்திருக்கும். ஆனால் கூட்டத்தில் நின்ற இளைஞனின் கண்ணுக்கு அந்த வரிசை எப்படித் தெரிந்திருக்கும்? நான்கு நாள் கேட்டோம், கிடைக்கவில்லை. ஒருநாள் கொளுத்தினோம், எல்லாம் கிடைத்தது என்றுதான். அரசு எந்தப் பாடத்தைக் கற்பிக்கவே கூடாதோ அந்தப் பாடத்தைத் தெரியாமல் கற்பித்துவிட்டது. அடுத்த ஊரில், அடுத்த மரணத்தின்போது, அதற்கான விலையை மீண்டும் ஒரு காவலர்தான் கொடுப்பார்.

பந்தோபஸ்து என்ற வேலை

பந்தோபஸ்துக்கு அனுப்பப்படும் காவலரின் நாள் எப்படி இருக்கும் என்பதைத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. விடியுமுன் ரோல் கால். எந்த ஊர், எத்தனை நாள் என்பது பல நேரங்களில் வேனில் ஏறிய பிறகுதான் தெரியும். தலைக்கவசத்தின் பட்டை வியர்வையில் ஊறித் தாடையை அறுக்கும். கண்ணாடியிழைக் கேடயத்தை ஒரு மணி நேரம் உயர்த்திப் பிடித்தால் தோள்பட்டை கெஞ்சும். தண்ணீர் குடிக்கவும் யோசிக்க வேண்டும், குறிப்பாகப் பெண் காவலர்கள். ஒதுங்க இடம் இருக்காது. மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வாரத்தில் ஒருநாள் விடுப்பு உண்டு என்று தமிழ்நாடு அரசு 2021-இல் ஆணை பிறப்பித்தது. ஆனால் பந்தோபஸ்து வந்துவிட்டால் முதலில் பறிபோவது அந்த விடுப்புதான்.

எதிரே நிற்கும் கூட்டம் அவருக்கு அந்நியமும் இல்லை. அதே வயது, அதே கிராமத்துப் பேச்சு, பல நேரம் அதே சாதி. ‘உனக்கும் பொம்பளப் புள்ள இருக்குதானே?’ என்ற கேள்வி கல்லைவிட ஆழமாகப் படும். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு அனுமதி கிடையாது. பதில் அவருக்குத் தெரியவும் தெரியாது. விசாரணை எங்கே நிற்கிறது என்பதைக் கேடயம் பிடித்து நிற்பவரிடம் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. காவலர்கள் சங்கம் அமைப்பதையும் போராட்டங்களில் பங்கேற்பதையும் 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. தன் குறையைச் சாலையில் நின்று சொல்ல உரிமை இல்லாதவரைத்தான், சாலையில் நின்று குறை சொல்பவரைக் கையாள அனுப்புகிறோம்.

கள்ளக்குறிச்சிக்கென்று கூடுதலாக ஒரு சிக்கலும் இருந்தது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-இல் பிறந்த மாவட்டம் அது. கலவரம் நடந்தபோது அதற்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. ஒரு பெரிய கூட்டத்தைச் சமாளிக்கப் பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஆட்களை வரவழைக்க வேண்டும். அப்படி வருபவர்களுக்குத் தெருவும் தெரியாது, முகமும் தெரியாது. கூட்டத்தில் சொந்தக்காரர் யார், ஊர்ப் பெரியவர் யார், வேடிக்கை பார்க்க வந்தவர் யார், பெட்ரோலோடு வந்தவர் யார் என்று பிரித்தறிய முடிந்தவர் அந்தந்தக் காவல் நிலையத்துத் தனிப்பிரிவுக் காவலர். டீக்கடையிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் காது வைத்து நடப்பதே அவர் வேலை. அவர் எழுதி அனுப்பும் சிறு குறிப்புதான் ஒரு மாவட்டக் காவல்துறையின் முதல் தற்காப்பு. அந்தக் குறிப்பைப் படித்து முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதத்துக்கு, லத்தி பிடித்தவரின் மண்டை உடைகிறது.

அன்றைய காவல்துறைக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பையும் கொடுத்தாக வேண்டும். அத்தனை கல்லடிக்கும் தீவைப்புக்கும் நடுவே போலீஸ் துப்பாக்கிக்கு ஓர் உயிர்கூடப் பலியாகவில்லை. எரிந்த கட்டடத்தை மீண்டும் கட்டலாம், கருகிய சான்றிதழுக்கு நகல் வாங்கலாம். கையில் துப்பாக்கி இருந்தும், தலையில் ரத்தம் வழிந்தும், மனிதர்களைக் குறிவைக்காமல் நின்றது சாதாரண விஷயமில்லை. ஆனால் ‘போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது’ என்ற ஏச்சுதான் அவர்களுக்கு மிஞ்சியது.

அடித்தாலும் கேள்வி, அடிக்காவிட்டாலும் கேள்வி

அந்த ஏச்சைத் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன மக்கள் மீதும், தொடர்ந்த சம்பவங்களிலும் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில், அதாவது கள்ளக்குறிச்சிக் கலவரத்துக்கு மூன்று மாதம் கழித்து, சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. அந்தத் துப்பாக்கிச்சூட்டுக்கு நியாயமில்லை என்று ஆணையம் கண்டது. 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. கூட்டம் பெரிதாக வரும் என்ற உளவுத் தகவல் முன்கூட்டியே இருந்தும் உயர்மட்டத்தில் தகுந்த முடிவு எடுக்கப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது.

இரண்டு ஊர், இரண்டு விதமான முடிவு. தூத்துக்குடியில் சுட்டார்கள், அது பெருங்குற்றமாக நிற்கிறது. கனியாமூரில் மனிதரை நோக்கிச் சுடவில்லை, அது கையாலாகாத்தனம் என்று பேசப்படுகிறது. அடித்தால் விசாரணைக் கமிஷன், அடிக்காவிட்டால் இடமாற்றம். இந்த இரண்டுக்கும் நடுவே எது சரி என்று களத்தில் நிற்கும் உதவி ஆய்வாளருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது என் கருத்து. தூத்துக்குடியில் மக்கள் நூறு நாள் கேட்டார்கள். கள்ளக்குறிச்சியில் நான்கு நாள் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு நேர் நின்று பதில் சொல்ல வேண்டிய நிர்வாகம் விலகி நின்றுகொண்டு, அந்த இடத்தில் சீருடையை நிறுத்தியது.

2017 ஜனவரியில் மெரினாவில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர்களோடு காவலர்கள் நாள்கணக்கில் பேசினார்கள், சிரித்தார்கள், ஒன்றாக நின்றார்கள். உலகமே வியந்த ஒழுங்கு அங்கே இருந்தது. 23-ஆம் தேதி விடியற்காலையில், இடத்தைக் காலி செய்தாக வேண்டும் என்ற அவசரம் வந்ததும், ஒருவாரம் சேர்த்த நம்பிக்கை சில மணி நேரத்தில் உடைந்தது. ஐஸ்ஹவுஸ் காவல் நிலையம் எரிந்தது. மீனவர் குப்பங்களுக்குள் தடியடி நடந்தது. கூட்டமும் அதேதான், காவலர்களும் அவர்களேதான். இடையே நின்றுபோனது பேச்சு ஒன்றுதான்.

கூட்டத்துக்குப் புத்தி உண்டு

கூட்டம் என்றாலே மதம்பிடித்த யானை என்ற எண்ணம் நம் காவல் பயிற்சியில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1855-இல் சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காக நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை வந்தது. அதையடுத்து 1859-இல் மதராஸ் மாவட்டக் காவல் சட்டம் வந்தது. 1857 எழுச்சிக்குப் பிறகு 1861-இல் நாடு முழுமைக்குமான காவல் சட்டம் வந்தது. மக்களைக் காப்பதைக் காட்டிலும் மக்களிடமிருந்து ஆட்சியைக் காப்பதற்கே அந்த அமைப்பு அதிகம் பயன்பட்டது. 1895-இல் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ பான், கூட்டத்தில் கலந்த மனிதன் தன் அறிவை இழந்துவிடுகிறான் என்று எழுதினார். ஆள்பவர்களுக்கு அது வசதியான கொள்கை. புத்தியில்லாத ஒன்றோடு பேச வேண்டியதில்லை, கலைத்தால் போதும்.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் உளவியல் ஆய்வு இதைத் தலைகீழாக்கிவிட்டது. ஸ்டீபன் ரைக்கர், கிளிஃபோர்ட் ஸ்டாட், ஜான் ட்ரூரி ஆகிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், 1990 மார்ச் 31-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நடந்த வரி எதிர்ப்புக் கலவரம் போன்றவற்றைக் கூர்ந்து ஆராய்ந்தார்கள். ஒரு கூட்டத்தில் வெவ்வேறு மனநிலையில் பலர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் வன்முறையை விரும்புவதில்லை. போலீஸ் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்த்து, ஒரே தடியால் அடிக்கத் தொடங்கும் நிமிடத்தில்தான், ‘நாம் எல்லாரும் ஒன்று, எதிரே நிற்பவன் எதிரி’ என்ற உணர்வு அவர்களுக்குள் பிறக்கிறது. அதுவரை ஒதுங்கியிருந்தவர் கல்லெறிபவருக்கு அரணாகிவிடுகிறார். போலீஸ் நியாயமாக நடக்கிறது என்று அந்தப் பெரும்பான்மை நம்பினால், கல்லை ஓங்கும் கையை அவர்களே பிடித்து நிறுத்துகிறார்கள்.

இந்தப் புரிதல் களத்தில் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2004-இல் போர்ச்சுகலில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில், கலவரத்துக்குப் பேர்போன ரசிகர்களுக்கு நடுவே சாதாரணச் சீருடைக் காவலர்கள் பேச்சோடும் புன்னகையோடும் நடமாடினார்கள். கலவரத் தடுப்புப் படை கண்ணில் படாத தூரத்தில் தயாராக நின்றது. அந்த முறை கையாளப்பட்ட இடங்களில் பெரிய மோதல் எழவில்லை. சுவீடனில், 2001-இல் கோத்தன்பர்க் நகரில் நடந்த மோசமான மோதல்களுக்குப் பிறகு, போராட்டக்காரர்களோடு முன்னும் பின்னும் பேசுவதற்கென்றே காவலர்களைப் பயிற்றுவித்தார்கள்.

கனியாமூர்க் கூட்டத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் குறைந்தது நான்கு அடுக்குகள் தெரிகின்றன: துக்கத்தில் நின்ற உறவினரும் ஊராரும், இது நம் வீட்டுப் பிள்ளை என்று வந்தவர்கள், கைப்பேசி அழைப்பைப் பார்த்து வெகுதூரத்திலிருந்து வந்த இளைஞர்கள், கதவு உடைந்த பிறகு நாற்காலியையும் பெஞ்சையும் தூக்கிப் போனவர்கள். முதல் அடுக்கோடு புதன்கிழமையே உட்கார்ந்து பேசியிருந்தால், ‘திங்கட்கிழமை நீதிமன்றத்தில் விசாரணை இருக்கிறது, உங்கள் வக்கீலும் நாங்களும் அங்கே நிற்போம், அதுவரை பொறுங்கள்’ என்று அவர்கள் நம்பும் ஒருவர் சொல்லியிருந்தால், மூன்றாவது அடுக்குக்கு நிழல் கிடைத்திருக்காது. இது நடந்து முடிந்த பிறகு சொல்வது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்தது நடப்பதற்கு முன் சொல்ல இதைவிட்டால் வேறு நேரம் இல்லை.

கலவரத்துக்குப் பிறகும் இந்த அடுக்குகள் முக்கியம். 300-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். வேடிக்கை பார்த்தவர்களையும் வழிப்போக்கர்களையும் சேர்த்துப் பிடித்தார்கள், தலித் இளைஞர்களைக் குறிவைத்தார்கள் என்ற புகார்கள் எழுந்தன. கல்லடி பட்ட கோபம் காவலருக்கு இருக்கும். அது மனித இயல்பு. அந்தக் கோபம் கைதுப் பட்டியலை எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வது அதிகாரியின் கடமை. தப்பாகப் பிடிபட்ட ஒவ்வொருவரின் வீட்டிலும் அடுத்த கூட்டத்துக்கான ஆள் உருவாகிறார்.

சட்டம் தரும் அதிகாரமும் அதன் எல்லையும்

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோத நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அதைக் கலைந்துபோகச் சொல்லும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் உண்டு. 2022-இல் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148-ஆவது பிரிவு. பழைய 144 இப்போது 163. எண்கள் மாறினாலும் வரிசை மாறவில்லை: முதலில் எச்சரிக்கை, பிறகு கண்ணீர்ப்புகை, தடியடி, வேறு வழியே இல்லாதபோது துப்பாக்கி. அதுவும் தேவையான அளவுக்கு மட்டுமே. 1990-இல் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த அடிப்படைக் கோட்பாடுகளும் இதையே வலியுறுத்துகின்றன.

சட்டத்தின் இந்த ஏணியில் ஒரு படி எழுதப்படவே இல்லை. எச்சரிக்கைக்கு முந்தைய படி அது. மக்களிடம் போய் நடந்ததைச் சொல்வது, கேட்பது, மீண்டும் சொல்வது. எந்தப் பிரிவும் அதைக் கட்டாயமாக்கவில்லை. அதற்குத் தனியாகப் பயிற்சி இல்லை, பதவி இல்லை, பாராட்டுச் சான்றிதழும் இல்லை. தடியடியில் துணிச்சல் காட்டியவருக்குப் பதக்கம் கிடைக்கலாம். தடியடி தேவைப்படாமல் பார்த்துக்கொண்டவரின் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

மலை ஏறும் சீருடை

பேச்சு என்ற படியே இல்லாமல் சீருடை மட்டும் போன இடம் இதே மாவட்டத்தில் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்தால் கல்வராயன் மலை தொடங்குகிறது. மலையாளிப் பழங்குடியினரின் மண். சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் நெடுங்காலம் இருந்த மலை. 1976-இல்தான் அந்த முறை முடிவுக்கு வந்தது. நாடு விடுதலை பெற்றுப் பல தேர்தல்கள் நடந்த பிறகுதான் இந்த மக்கள் வாக்குச்சாவடியைப் பார்த்தார்கள்.

இப்படித் தாமதமாக வந்த அரசு, எந்த முகத்தோடு வந்தது? சாலை வருமுன், மருத்துவர் வருமுன், பல குக்கிராமங்களுக்குச் சீருடை வந்துவிட்டது. வனத்துறையின் காக்கி, மதுவிலக்குப் போலீசின் காக்கி. ஓடையோரம் பிளாஸ்டிக் பேரல்களில் சாராய ஊறல் போடுவதும், போலீஸ் ஏறி வந்து அதைக் கொட்டி அழிப்பதும், கள்ளக்குறிச்சிப் பதிப்பு நாளிதழ்களில் மாதம் தவறாமல் வரும் செய்தி. இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு, இத்தனை லிட்டர் சாராயம் பறிமுதல், ஆசாமி தப்பியோட்டம். ஆசாமி ஏன் அந்தத் தொழிலுக்குப் போனார் என்பது செய்தியில் வராது.

இதே மலையாளிப் பழங்குடியினரின் நினைவில் வாச்சாத்தி என்ற பெயரும் இருக்கிறது. 1992 ஜூன் 20-இல், தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து அந்த ஊருக்குள் சந்தனக் கடத்தலைத் தேடி வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நாசமாக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 155 பேர் வனத்துறை, 108 பேர் போலீஸ், 6 பேர் வருவாய்த் துறை. 2011-இல் தருமபுரி நீதிமன்றம் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதிக்கு 31 ஆண்டுகள் ஆயின. இன்று மலையேறும் இளம் காவலர் வாச்சாத்தி நடந்தபோது பிறந்திருக்கவே மாட்டார். ஆனாலும் அவர் போட்டிருக்கும் சீருடை அந்த வரலாற்றையும் சுமந்துகொண்டுதான் ஏறுகிறது. நேர்மையான ஒரு காவலர் இதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தான் பேசும் முதல் வார்த்தையை ஏன் அந்தப் பாட்டி நம்பவில்லை என்பதற்கான விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

2024: அதே ஊர், பெரிய துக்கம்

கனியாமூர் எரிந்து இரண்டு ஆண்டு முடியுமுன், 2024 ஜூன் 18, 19 தேதிகளில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் சாகத் தொடங்கினார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நாளில் வரிசையாகச் சிதைகள் எரிந்தன. அந்தச் சாராயம் மலைக்குள் ஒளிந்து விற்கப்பட்டதில்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் இருக்கும் நகருக்குள்ளேயே பாக்கெட்டில் விற்கப்பட்டது. மக்கள் கொதித்தெழ 2022-ஐவிடப் பெரிய காரணம் இருந்தது. போலீஸ் மீதே நேரடியான குற்றச்சாட்டு இருந்தது. கதறலும் சாபமும் இருந்தன, கட்சிகளின் போராட்டமும் இருந்தது. ஆனால் கனியாமூர் போல ஒரு நாள் வரவில்லை.

ஏன்? ஒற்றைக் காரணம் சொல்வது தவறாகும். அது வீட்டுக்கு வீடு பிணம் கிடந்த துக்கம். எரிக்கப் போகும் மனநிலையில் யாரும் இல்லை. வெளியூர் இளைஞரைத் திரட்டும் கைப்பேசி அழைப்பும் அந்த அளவில் இல்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை ஒதுக்கிவிட முடியாது. பதில் வந்த வேகம். முதல் இறப்புகளின்போது கள்ளச்சாராயம் காரணமில்லை என்று நிர்வாகத் தரப்பில் சொல்லப்பட்டது என்ற கடும் விமர்சனம் எழுந்தது உண்மை. ஆனால் அடுத்த ஒரு நாளுக்குள் எஸ்.பி. சமய் சிங் மீனா பணியிடை நீக்கம், ஆட்சியர் மாற்றம், மதுவிலக்குப் பிரிவு உள்ளிட்ட காவல்துறையினர் மேலும் 9 பேர் பணியிடை நீக்கம், சி.பி.சி.ஐ.டி. விசாரணை. அமைச்சர்கள் ஊரிலேயே இருந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஆணையம் அமைந்தது. யார் மீது தவறு என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அரசு ‘எங்கள் பக்கம் தவறு இருக்கிறது’ என்று செயலால் ஒப்புக்கொண்டது.

அந்தப் பதிலும் போதவில்லை என்பதை நீதிமன்றம் பிறகு சொன்னது. 2024 நவம்பர் 20-இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது, பணியிடை நீக்கப்பட்ட காவல் அதிகாரிகளைத் திரும்பச் சேர்த்ததையும் கண்டித்தது. அதற்கு முன்பே, ஜூலையில், நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை எங்கே, மருத்துவமனை எங்கே, பேருந்து எங்கே என்று அரசைக் கேட்டது. சாராயத்தில் தொடங்கிய விசாரணை சாலையில் போய் நின்றது. ஒரு மலையில் சட்டம் ஒழுங்கு என்பது அங்கே ஆம்புலன்ஸ் போகிறதா என்பதிலும் இருக்கிறது என்று நீதிமன்றம் உணர்த்திய இடம் அது.

எழுதப்படாத படியை எழுதுவோம்

இந்த இரண்டு நிகழ்வுகளையும் ஒரு காவலரின் இடத்திலிருந்து பார்த்த பிறகு, சில கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கத் தோன்றுகிறது.

சந்தேக மரணம் ஒன்று ஊரைக் கூட்டும் என்று தனிப்பிரிவுக் குறிப்பு வந்த அன்றே, விசாரணை அதிகாரியைத் தவிர்த்து இன்னொரு அதிகாரி, குடும்பத்தோடும் ஊரோடும் பேசுவதற்கென்றே நியமிக்கப்பட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அதே மனிதர் வந்து நிற்க வேண்டும். சொல்லப் புதிதாக எதுவும் இல்லாத நாளிலும், ‘இன்று எதுவும் புதிதாக இல்லை, நாளை இந்த அறிக்கை வரும்’ என்று சொல்ல வேண்டும். முடிவு தெரியுமுன் ‘தற்கொலைதான்’ என்றோ ‘சாராயம் இல்லை’ என்றோ வாய்விடும் பழக்கம் நிற்க வேண்டும். கேடயம் பிடிப்பவருக்கும் ரோல் காலில் வழக்கின் நிலையை இரண்டு வரியில் சொல்லி அனுப்ப வேண்டும். கேட்பவருக்குச் சொல்ல அவரிடம் ஒரு வார்த்தையாவது இருக்கட்டும்.

துப்பாக்கிச்சூடு நடந்தால் மட்டும் ஆணையம் என்ற வழக்கமும் மாற வேண்டும். உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்த கலவரத்தையும், கலவரமாக மாறாமல் கலைந்த கூட்டத்தையும் அதே அக்கறையோடு ஆராய்ந்து பயிற்சிப் பாடமாக்க வேண்டும். இடமாற்றம் ஒருவரை அந்த இடத்திலிருந்து அகற்றும். அந்த இடம் கற்றுக்கொண்டதையும் சேர்த்து அகற்றிவிடும். மலைக்குள் போகும் காவலர் ஊறல் அழிக்கும் நாளில் மட்டும் போகக் கூடாது. முதியோர் உதவித்தொகை வரவில்லை என்ற மனுவை வாங்கி வரவும் அவர் போகலாம். போனால் அடுத்த முறை அவர் பேச்சுக்குக் காது கிடைக்கும்.

கனியாமூருக்கே திரும்பி வருகிறேன். கலவரம் ஓய்ந்த பிறகு, பள்ளியிலிருந்து எடுத்துப்போன பொருட்களைத் திருப்பி ஒப்படைக்கும்படி சுற்றுவட்டாரக் கிராமங்களில் தண்டோரா போட்டு அறிவித்தார்கள். ஒப்படைக்காவிட்டால் நடவடிக்கை என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது, ஒப்படைப்பதற்கான வழியும் இருந்தது. பல பொருட்கள் திரும்பி வந்தன. பெஞ்சுகளும் நாற்காலிகளும் சாலையோரத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை வெறியோடு தூக்கிப்போன கைகள்தான் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியிருக்கின்றன. அப்போது அந்தக் கைகளுக்கு முன்னால் தடியும் இல்லை, புகையும் இல்லை. ஊருக்குள் நடந்து வந்து, எல்லார் காதிலும் விழும்படி, தெளிவாகச் சொல்லப்பட்ட ஒரு சேதி இருந்தது.

அந்தச் சேதியைச் சொன்னவர் புதன்கிழமையே ஊருக்குள் நடந்து வந்திருக்கலாம்.